மரியாதைக்கு ஒரு இருமல்

நெஞ்சு அறுவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தத் தையலை எப்படிப் போடுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதை இப்போது நீங்கள் என்னைவிட நன்றாகவே போடுகிறீர்கள். கேமராவைப் பிடிக்கும்போது என் கை ஆடிய அளவுகூட உங்கள் கை ஆடுவதில்லை, பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் எழுத வந்தது கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருக்கும் ஒரு பாட்டிலைப் பற்றி. அதைப் பார்க்கத் தெரியும் என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் வார்டு நர்ஸ். பெயரை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "வேண்டாம் டாக்டர். எங்க வீட்டுக்காரரு சிவகிரி முழுக்கப் போன் போட்டுப் படிச்சுக் காட்டுவாரு" என்றார். அதனால் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். வார்டில் அப்படித்தான் கூப்பிட்டோம்.

புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் பாட்டிலைப் பற்றி நாலு வரி. நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தால், வெட்டிய இடத்திலிருந்து கொஞ்ச நாள் காற்று கசியும். சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டுக் கீஹோலில் செய்தாலும் கசியும். வெளியே மூன்று சின்ன ஓட்டைதான் என்பது நுரையீரலுக்குத் தெரியாது. கசிகிற காற்று வெளியேற நெஞ்சில் ஒரு குழாய் வைப்போம். குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் இருக்கும். நோயாளி இருமும்போது தண்ணீரில் குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் ஓட்டை அடைபட்டுவிட்டது, குழாயை எடுக்கலாம். கசிவு இருக்கும்போதே குழாயை எடுத்துவிட்டால் காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலை அமுக்கிவிடும். யாருக்கு எத்தனை நாள் கசியும் என்று முன்னாலேயே சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான ஜோசியம்.

அந்த ஜோசியத்தில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. வயது என்ன, புகைப்பாரா, ஊதும் சோதனையில் எவ்வளவு ஊதினார், எடை எவ்வளவு, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருந்ததா என்று ஒரு தாள் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவேன். கணக்கு சரியாக வந்தால் ஊருக்கே சொல்வேன். தப்பாகப் போனால், "எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது" என்பேன். இந்த இரண்டாவது வசனத்துக்கு ஒருநாள் முடிவு வந்தது.

புளியறைக்காரர் ஒருவர், லாரி ஓட்டுபவர். நாலாம் நாள் குழாயை எடுத்து அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் செக்போஸ்ட் பக்கத்து ஓட்டலில் பரோட்டாவுக்குக் காத்திருந்தவருக்கு மூச்சு முட்டி, கழுத்தும் முகமும் காற்றால் வீங்கிவிட்டன. இன்னொரு லாரிக்காரர் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார். மறுபடி குழாய் போட்டுப் பிழைக்க வைத்தோம். கை கழுவும் இடத்தில் நின்று, வழக்கம்போல, எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, "அப்படின்னா இனிமே முன்னாடியே எழுதி ஒட்டிருவோம் டாக்டர். பின்னாடி சந்தேகம் வந்தா யாருக்குப் பிரயோசனம்?" என்றார். குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு பழக்கம் வந்தது. ஆபரேஷன் முடிந்து நோயாளி வார்டுக்கு வந்ததும் பாட்டிலின் பின்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதில் நான் ஒரு எண் எழுத வேண்டும், சிஸ்டர் ஒரு எண் எழுதுவார். எத்தனையாவது நாள் குழாய் வெளியே வரும் என்பதுதான் எண். எழுதியதை அழிக்கக் கூடாது. பந்தயம் எல்லாம் கிடையாது. ஆனால் ஜெயிப்பது யார் என்று வார்டு கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெரும்பாலும் நான் இல்லை.

இனி கீழப்பாவூர் அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. வலது நுரையீரலின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு கட்டி. சீக்கிரமே கண்டுபிடித்ததால் கீஹோலில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். கணவர் இல்லை. ஒரே மகன் ராணுவத்தில் ஹவில்தார், அம்மாவின் ஆபரேஷனுக்காக லீவில் வந்திருந்தான். என் அறைக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் விறைப்பாக நின்றான்.

"சார், லீவு சனிக்கிழமையோட முடியுது. கூட்டிக் குடுக்க மாட்டாங்க. அம்மாவ வீட்டுல கொண்டுபோய் உக்கார வச்சுட்டுத்தான் ரயில் ஏறணும். அங்கன போயிட்டா மறுபடி எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. நடக்குமா சார்?"

என் தாளைப் பார்த்தேன். புகைக்கிறவரா? இல்லை. ஊதும் சோதனையில் எண் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஆனால் டெக்னீஷியன் பக்கத்தில் 'சரியாக ஊதவில்லை' என்று எழுதியிருந்தார். கூச்சப்பட்டு ஊதியிருப்பார், மற்றபடி நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் பார்த்ததில் கசிவுக்கு வாய்ப்புக் குறைவு.

"செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வெள்ளிக்கிழமை அம்மா வீட்டில் இருப்பாங்க" என்றேன். அவன் சல்யூட் அடிக்காத குறை.

செவ்வாய்க்கிழமை உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால், நுரையீரல் மேலே நாலைந்து இடத்தில் ஒட்டியிருந்தது. எப்போதோ வந்து தானாக ஆறிய பழைய காசநோயாக இருக்கலாம். பொறுமையாகப் பிரித்தேன், நன்றாகத்தான் பிரித்தேன். கடைசியில் நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றி நுரையீரலை ஊதிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தது. அதையும் அடைத்தேன். பாட்டிலில் 3 என்று எழுதி ஒட்டினேன். சிஸ்டர் பேனாவை வாங்கி 8 என்று எழுதினார்.

"எட்டா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தோணுது டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எண்ணைக் கேட்பேனே தவிர, காரணத்தைக் கேட்கிற வழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

புதன்கிழமை ரவுண்ட்ஸ். இருமச் சொன்னேன், பாட்டிலில் குமிழி வந்தது. முதல் நாள் அது சகஜம். அந்தம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். பாட்டிலைக் காட்டி, "இதில் குமிழி வருது பார்த்தீங்களா? இது நின்னுட்டால் குழாயை எடுத்திடுவேன். மகன் கூடவே வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்றேன். கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகன் சிரித்தான். அந்தம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இருமச் சொன்னேன். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு ஒரு இருமல் இருமினார். வீட்டு வாசலில் வந்து நிற்பவர் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று செருமுவாரே, அந்த அளவுதான். குமிழி இல்லை. குழாயில் தண்ணீர் மட்டம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது, அதனால் குழாய் அடைபடவில்லை என்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக விரிந்திருந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது, மேல்பகுதியை எடுத்தால் அப்படி இருப்பதுண்டு. எனக்கு ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வார்டுக்குள் நுழையும்போதே மகன் பையைக் கட்டி வைத்திருந்தான். பிளாஸ்க், தட்டு, தலையணை எல்லாம் ஒரு சாக்குப் பையில். எங்கள் ஆஸ்பத்திரி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்தது. சீசன் நேரத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, ஈரத் தலையும் தோளில் துண்டுமாகத்தான் வருவார்கள். அன்றும் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி அப்படி ஒரு குடும்பமே நின்றது. அவ்வளவு பேருக்கும் நடுவில் நான் இருமச் சொன்னேன். அதே தலைப்பு, அதே செருமல், குமிழி இல்லை.

"ட்யூப் எடுத்திடலாம்" என்று ஜூனியர் டாக்டரிடம் சொன்னேன்.

"டாக்டர், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்றார் சிஸ்டர்.

"எதுக்கு?"

"கசிவு இருக்கு."

"எங்கே இருக்கு? நீங்களும் தானே பார்த்தீங்க?"

"உங்க முன்னால வராது டாக்டர். நேத்து மத்தியானம் இவங்க தங்கச்சி சாம்பார்ல உப்புப் போடாமக் கொண்டுவந்துட்டாவ. அதுக்கு இவங்க போட்ட சத்தத்துல பாட்டில்ல குமிழி குமிழியா வந்துது. சார்ட்ல எழுதியிருக்கேன்."

நான் சார்ட்டைப் படிக்கவில்லை. படிக்காதவனுக்குக் கோபம் வருவதுபோல் வேறு யாருக்கும் வராது. "நேற்று வந்தது இன்னைக்கு நிற்கக் கூடாதா? எட்டுன்னு எழுதி ஒட்டிட்டீங்க என்பதற்காக ஒருத்தரை எட்டு நாள் படுக்க வைக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். ஜூனியர் டாக்டர் முன்னால், நோயாளி முன்னால், அந்த ஈரத் தலைக் குடும்பத்துக்கு முன்னால்.

அவர் முகம் கறுத்துப்போனது. வேறு யாராவது என்றால் குழாய் எடுக்கிற சாமான் ட்ரேயை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். தப்பாகப் போனால் டாக்டர் பாடு, நமக்கென்ன என்று இருந்திருப்பார்கள். இவர் ட்ரேயின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிசம் குடுங்க டாக்டர். நீங்க மட்டும் கதவுக்கு வெளிய நில்லுங்க."

என் வார்டிலிருந்து என்னையே வெளியே போகச் சொல்கிறார். மகன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டில் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

சிஸ்டர் மருந்துச் சீட்டை அடுக்கிக்கொண்டே, ஏதோ ஊர்க்கதை பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"ஏன்க்கா, உங்க ஊர்ப் பக்கம் சுத்துத பீடியில பாதிய கடையில கழிச்சுப் போடுதாங்களாமே. தூளக் கம்மியா வச்சு இலையக் கொண்டு ஒப்பேத்துதாங்கன்னு சொல்லுதாவ. நெசமா?"

அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாவ. உங்க பீடியயும் சேத்துத்தான்."

"எவ சொன்னா? பேரச் சொல்லு. முப்பது வருசமா சுத்துதேன், என் கைப் பீடியில ஒத்தப் பீடிய ஒருத்தன் கழிச்சிருக்கானா? கடக்காரன் என் கட்டப் பிரிச்சே பாக்க மாட்டான், அப்படியே எடுத்து வைப்பான். இங்கன வந்து சொல்லச் சொல்லு அவள. நாக்கு..."

அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. தலைப்பு இல்லை, கூச்சம் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். பாட்டிலில் உலை கொதிப்பதுபோல் குமிழி கிளம்பியது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கே சத்தம் கேட்டது.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அந்தம்மாவின் கை தானாகத் தலைப்புக்குப் போனது. வாயைப் பொத்திக்கொண்டார். குமிழி நின்றுவிட்டது.

அந்தம்மா மெதுவாகச் சொன்னார். "நீங்கதான சார் சொன்னீய, குமிழி வரக் கூடாதுன்னு. அதான் வராமப் பாத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். டாக்டர் முன்னால் வாய்விட்டு இருமுவது மரியாதை இல்லை என்பது பாதி. மகன் ரயில் ஏறுவதற்குள் வீட்டில் போய் உட்கார வேண்டும் என்பது பாதி. இரண்டும் சேர்ந்து, நெஞ்சில் குழாயோடு இரண்டு நாள் இருமலை அடக்கியிருக்கிறார். வழியைக் காட்டிக் கொடுத்தது நான்.

குழாயை எடுத்திருந்தால் மத்தியானம் கீழப்பாவூர் போயிருப்பார். மறுநாள் மகன் ரயிலில் இருந்திருப்பான். அம்மா நன்றாக இருக்கிறார் என்ற நிம்மதியோடு அவன் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியிருக்கும். புளியறைக்காரருக்காவது ஒரு லாரி வந்தது. தங்கச்சி ஒருத்தியோடு இருக்கிற இந்தம்மாவுக்கு யார் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கம் இல்லாத வேலை. என் அறைக்குப் போய் ஒரு டீ குடித்தேன். எல்லார் முன்னாலும் திட்டியதை அறைக்குள் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அது வெட்கக்கேடு என்று எனக்கே பட்டது. திரும்பி வார்டுக்கு வந்து, அதே கட்டிலுக்குப் பக்கத்தில், அந்த ஈரத் தலைக் குடும்பம் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே, "சிஸ்டர், நான் சொன்னது தப்பு. நீங்கள் தடுக்காவிட்டால் இன்னைக்கு ஒரு உயிருக்கு ஆபத்தாகியிருக்கும்" என்றேன். அவர், "சரி டாக்டர், அடுத்த பெட் பாக்கலாமா?" என்றார்.

மகனிடம் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டது என்று சொன்னேன். அவன் தன் அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தான், லீவு கூட்டிக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பையை மாட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது சிஸ்டரிடம் வந்தான்.

"சிஸ்டர், அம்மாவுக்கு உங்க மேல கோவம். ரெண்டு நாளு திட்டுவாங்க."

"திட்டட்டும். அவங்க திட்டுனாத்தான் எனக்குப் பாட்டில் தெரியும்" என்றவர், "உங்க நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டினார்.

அன்று சாயங்காலம் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எட்டு என்று எப்படித் தெரிந்தது? சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. வார்டில் சேர வருகிறவர்களை லிப்டில் ஏற்ற மாட்டார். கூடவே பேசிக்கொண்டு சரிவுப் பாதையில் நடத்திக் கூட்டிக்கொண்டு வருவார். லிப்ட் கூட்டமாக இருக்கும் என்பார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

"நடக்கும்போது ரெண்டு திருப்பத்துலயும் நின்னாவ டாக்டர். என்னக்கான்னு கேட்டா, மலையில சாரல் விழுதான்னு பாக்குதேன்னு சொன்னாவ. அன்னைக்கு மலையில மேகமே இல்ல. மூச்சு வாங்கிருக்கு, சொல்ல மாட்டேங்காவ. அப்புறம், நீங்க பீடி குடிப்பியளான்னுதான் கேட்டீங்க. பீடி சுத்துவியளான்னு கேக்கல. முப்பது வருசம் அந்தத் தூளு உள்ள போயிருக்கு, போதாததுக்கு வெறகு அடுப்பு. நுரையீரல் நைஞ்சுபோய்த்தான இருக்கும்?"

என் தாளில் அந்தக் கேள்வி இல்லை. கீழப்பாவூர்க்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாமல் இந்த ஊரில் இத்தனை வருடம் வைத்தியம் பார்த்திருக்கிறேன். டெக்னீஷியன் 'சரியாக ஊதவில்லை' என்று எழுதியதைச் சொன்னேன். "அவங்களால ஊதுனதே அவ்ளோதான் டாக்டர்" என்றார். திறமையான பல சர்ஜன்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஒரு மனுஷியைச் சரிவில் நடக்க வைத்தே நுரையீரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உங்களிடம் இப்போது எண் காட்டுகிற மெஷின் இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மில்லி கசிகிறது என்று திரையில் வருகிறது. நல்ல சாமான், நானும் கடைசி வருடங்களில் உபயோகித்தேன். பல மணி நேரத்துக்கு வரைபடம் போட்டுத் தருவதால் ரவுண்ட்ஸ் நேரத்து மரியாதையெல்லாம் அதனிடம் எடுபடாது. ஆனால் வரைபடம் எகிறிய நேரத்தில் அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்று மெஷின் சொல்லாது. அதை நர்ஸ் எழுதிய குறிப்பில்தான் படிக்க வேண்டும். நான் படிக்காமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். இன்னொன்றும் உண்டு. எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். நம்மை மதிக்கிறவர்கள் அந்தப் பதிலை எப்படியாவது கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த நாட்கள் சிஸ்டருக்குச் சண்டை போடுவதே வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலைவிட தன் சிவகிரிக் கோயில்தான் பெரிது என்றார், குமிழி வந்தது. திங்கட்கிழமை இன்னொன்று, குமிழி குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிஸ்டர் வாயைத் திறந்ததும், "போம்மா, ஒன் சோலியப் பாரு" என்று சிரித்துவிட்டார். அவருக்குக் கோபம் போய்விட்டது. எங்களுக்கு அதுதான் சங்கடம்.

புதன்கிழமை எட்டாம் நாள். என் முன்னால் தைரியமாக இருமச் சொன்னேன். மகன் போய்விட்டதால் மறைக்க இப்போது காரணம் இல்லை. ஆனாலும் தலைப்பு வாய்க்குப் போனது. ஐம்பது வருடப் பழக்கம் ஒரு டாக்டர் சொன்னதால் போய்விடுமா? குமிழி வந்ததுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது. சந்தேகம் இருக்கும்போது எடுக்க வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். பாட்டிலைத் திருப்பி அந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "என் எட்டும் தப்பு டாக்டர்" என்றார் சிஸ்டர். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. எண் ஜெயிப்பது அவருக்கு ஒருநாளும் முக்கியமாக இருந்ததில்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காலையில் ரவுண்ட்ஸுக்கு நடுவே சிஸ்டரின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, "அக்கா, மகன் பேசுதாரு" என்று அந்தம்மாவிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் என் கையைத் தொட்டு, பாட்டிலைப் பாருங்கள் என்று கண்ணால் காட்டினார். நான் குனிந்தேன். ஜூனியர் டாக்டரும் குனிந்தார்.

அந்தம்மா முதலில், சாப்பிட்டியா, குளிரு எப்படி இருக்கு என்று மெல்லத்தான் பேசினார். மறுமுனையில் மகன் என்னவோ சொன்னான். அவர் முகம் மாறியது.

"என்னது? எப்ப இருந்துலே? யாருலே ஒனக்கு அதக் கையில குடுத்தா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "பீடி குடிக்கியாலே நீ? ஏலே, நான் முப்பது வருசம் கை தேயத் தேயச் சுத்துனது நீ குடிக்கதுக்காலே? அந்தத் தூளுல உக்காந்து, அந்த நாத்தத்துல உக்காந்து, எம்புள்ள இதத் தொடக் கூடாதுன்னுதானலே ஒன்னப் படிக்க வச்சேன். என் நெஞ்ச அறுத்துப் போட்டு இங்கன கெடக்கேன், நீ அங்கன..."

இருமல் வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற இருமல். தலைப்பு எங்கோ கிடந்தது. நானும் சிஸ்டரும் ஜூனியர் டாக்டரும் தரையில் முட்டி போடாத குறையாகப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று மேலே ஏறியது, கீழே இறங்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

இருமி முடித்த அந்தம்மா எங்கள் மூன்று பேரின் தலைகளையும் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். போனைக் காதில் வைத்து, "ஏலே, பொய்தான சொன்ன?" என்று கேட்டார்.

அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பச் சரி. வையி போன, நான் வீட்டுக்குப் போணும்."

போனைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சார், நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்துக்கு நேராக, வாயைப் பொத்தாமல், முழு மூச்சோடு இருமினார்.